திரும்பி வர ஓர் இடம்

மென்பொருள் துறையில் பதினாறு வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடம் டீம் லீடாகவும் மேனேஜராகவும் பலருக்கு அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு, எழுதியிருக்கிறேன். எழுதியதில் ஒரு வரி மட்டும் இன்னும் உறுத்துகிறது: "திறமை உண்டு, முன்னேறும் ஆர்வம் போதாது."

ஒரே நாளில் வேலையில் சேர்ந்த இருவர். பையன் நல்ல வசதியான வீடு. பெண், தன் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர். வேலைத்திறனில் அந்தப் பெண்தான் ஒரு படி மேலே. அவர் எழுதிய கோடில் பிழை கண்டுபிடிக்க டெஸ்டிங் டீம் திணறும். இரண்டாம் வருடம் ஒரு புது ப்ராடக்ட் தொடங்கினோம். தேறுமா தேறாதா என்று யாருக்கும் தெரியாது, தேறினால் பெரிய பெயர். யாருக்கு விருப்பம் என்று மீட்டிங்கில் கேட்டேன். நான் முடிப்பதற்குள் பையன் கை தூக்கிவிட்டான். அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆறு மாசத்துல இதை நிறுத்திட்டா எங்களை எங்க போடுவீங்க சார்?"

என்னிடம் பதில் இல்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். அவர் பழைய மெயின்டெனன்ஸ் வேலையிலேயே இருந்துவிட்டார். அந்த வருடம்தான் அந்த வரியை எழுதினேன்.

ப்ராடக்ட் பதினோராவது மாதம் நின்றது. பையன் இரண்டு மாதம் பெஞ்சில், அதாவது எந்த ப்ராஜெக்டும் இல்லாமல், இருந்தான், பிறகு வேலையை விட்டு மேற்படிப்புக்குப் போனான். அவனுக்கு அது ஓர் அனுபவம், ரெஸ்யூமேவில் நல்லதொரு வரி. அவனைக் குறை சொல்லவில்லை, ராப்பகலாக உழைத்தவன் அவன். ஆனால் பெஞ்சில் அந்தப் பெண் இருந்திருந்தால்? தம்பியின் படிப்பும் வீட்டுக் கடனும் அவர் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட மிகப் பொறுப்பான கேள்வியை நான் பயம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கதையையும் சொல்ல வேண்டும். முதல் வேலையை ஏழாவது மாதமே விட்டேன். பிடிக்கவில்லை, விட்டேன், நான்கு மாதம் கழித்து இதைவிட நல்ல வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்பவர்களிடம் இதைத் துணிச்சலுக்கு உதாரணமாகப் பல வருடம் சொல்லிவந்தேன். அந்த நான்கு மாதமும் என் செலவைப் பார்த்துக்கொண்டது அப்பா. மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை, சொல்லத் தோன்றியதே இல்லை.

மேனேஜர் பயிற்சிகளில் மிட்டாய்ச் சோதனை தவறாமல் வரும். ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் வால்டர் மிஷெல் குழந்தைகளை வைத்துச் செய்தது. இப்போதே என்றால் ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் நன்றாகச் செய்தார்கள், ஆகவே பொறுமைதான் வெற்றி என்று முடிப்பார்கள். 2018இல் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 900க்கும் அதிகமான குழந்தைகளை வைத்து இதைத் திரும்பப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பயிற்சிகளில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்ன சொல் காப்பாற்றப்படும் என்று பழகிய குழந்தைக்குக் காத்திருப்பது சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டைரக்டர் லிஃப்டில் வந்தால் அந்தப் பையன் சாதாரணமாகப் பேசுவான், ஏனென்றால் அப்படிப்பட்டவர்கள் அவன் வீட்டுக்கு வந்துபோனவர்கள். அந்தப் பெண் ஒதுங்கி நிற்பார். எதற்கு ஆசைப்படலாம் என்பதையே நாம் பார்த்து வளர்ந்தவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் பார்த்தார்கள்: மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஒரே அளவு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளிலும், பணக்கார வீட்டுப் பிள்ளைகளே பின்னாளில் அதிகம் கண்டுபிடிப்பாளர்கள் ஆகிறார்கள். கெட்டிக்காரத்தனம் சமமாக இருந்தும் இப்படி.

இப்போது புது ப்ராஜெக்டுக்கு ஆள் கேட்கும் முன் ஒரு மெயில் அனுப்புகிறேன். இது நின்றுபோனால் யார் எந்த டீமுக்குத் திரும்புவார்கள், எத்தனை நாளில், அந்த வருட அப்ரைசல் எப்படிக் கணக்காகும் என்று எழுதிவிடுவேன். எச்.ஆரைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. முதல் மெயிலுக்கே, அதுவரை கை தூக்காத நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணும் ஒருவர். அந்த ப்ராஜெக்டில் பாதியை அவர்தான் நடத்தினார்.

ஆனால் அந்தப் பழைய வரி இருக்கிறதே. அதனால் அவருக்கு அந்த வருடம் சம்பள உயர்வு குறைந்தது. அடுத்த வருட உயர்வு அந்தக் குறைந்த சம்பளத்தின் மேல் சதவீதமாக வந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. சரிசெய்யச் சொல்லி இருமுறை எழுதினேன், முடிந்துபோன வருடத்தைத் திறக்க முடியாது என்றார்கள். சென்ற மாதம் அவரிடமே இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார்.