காம்ப் அண்ணா அக்காமாரைப் பழக்கிறது

ஏ.எல் (பள்ளிக்கூடக் கடைசிச் சோதினை) எழுதிப்போட்டு றிசல்ட்டைப் பாத்துக்கொண்டிருக்கிற பெடியள் பெட்டையள்தான் எங்கட லீவு காம்பில பிள்ளையளைப் பாக்கிற அண்ணா அக்காமார். பாட்டு, விளையாட்டெல்லாம் அவையளுக்குச் சொல்லிக் குடுக்கவே தேவையில்லை, கஷ்டம் கடற்கரைதான். காரைநகர் கசூரினா பீச்சில கனதூரத்துக்கு ஆழமில்லைத்தானே எண்டு அசண்டையீனமா நிப்பினம், ஆனா தாழுற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமலே போயிடும், அதால பிள்ளையளைச் சோடி சோடியாப் பிரிச்சு, விசில் அடிச்சவுடன சோடியின்ர கையைப் பிடிச்சு உயர்த்தோணும் எண்டு முதல்ல கரையில வச்சே பழக்குவிப்பம். கடலைப் பாத்து நிக்கிற ஆளின்ர கையில போன் இருக்கக்கூடாது (இதுக்குத்தான் கூட முறைப்பு). இன்னொண்டு, பிள்ளையளுக்கு முன்னால ஒரு ஸ்டாஃபையும் ஏசுறதில்லை, இந்த வயசில ரோசம் கூட, பின்னேரம் பிளேன்ரீ குடிக்கேக்க தனியாக் கூப்பிட்டுக் கதைச்சாப் போதும்.