வலி குறைவது வேறு, அழற்சி அடங்குவது வேறு: என் முடக்குவாத அனுபவம்

முடக்குவாதம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார், இனி என்ன செய்வது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு விரல்களில்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு கைகளையும் மடக்க முடியாது, சேலைக்கு ஊக்கு குத்தக்கூட மகளைக் கூப்பிட வேண்டும், பத்து மணி வாக்கில்தான் கை கொஞ்சம் இளகும். வீட்டில் எல்லாரும் எலும்புத் தேய்மானம் என்றே சொன்னார்கள். தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், உழைக்க உழைக்கத்தான் வலி கூடும். இதில் தலைகீழ். ஓய்வெடுத்து எழுந்தால்தான் இறுக்கம், அதுவும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி.

மூட்டுவாத மருத்துவர் ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன் என் கையைத்தான் கேட்டார். ஒவ்வொரு மூட்டாக, தன் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, எது வலிக்கிறது, எது மெத்தென்று வீங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். தோளிலிருந்து முழங்கால் வரை 28 மூட்டுகள். அப்புறம்தான் ரத்த டெஸ்டுகள்: அழற்சி, அதாவது உள்ளே கனலும் வீக்கம், எவ்வளவு என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, இந்த நோய்க்கான எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி சிசிபி எல்லாம். இரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் ஏறும், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள் என்றார்.

நம் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது, சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது, இதுதான் நோய். வலி மாத்திரை வலியைக் குறைக்கும், வீக்கமும் கொஞ்சம் வாடும், ஆனால் உள்ளே அரிப்பது நிற்காது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான், அந்த அரிப்பையே அடக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை மேல் எனக்கிருந்த பயம் போனது.

அந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தவறி தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து, அதனால் காலண்டரில் சனிக்கிழமைகளை வட்டமிட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும், ஞாயிறு என்றால் படுத்துக் கிடக்கலாம். அதன் பக்கவிளைவைக் குறைக்கும் போலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் டெஸ்ட் தவறாமல் எடுக்க வேண்டும். மது கூடவே கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரை போடவே கூடாது.

பெரிய சோதனை காத்திருப்புதான். மருந்து வேலை காட்டவே 6 முதல் 12 வாரம் ஆகும் என்றார், அதுவரை தாங்கச் சின்ன அளவில் ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார். குறைக்கும்போது மணிக்கட்டு மறுபடி வீங்கியது, அழுகையே வந்துவிட்டது. பார்க்க வந்த அத்தை ஒரு பொட்டலச் சூரணம் கொண்டுவந்தார், இரண்டே நாளில் கேட்கும் என்று. பேர் எழுதாத அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள்.

சிஆர்பி இப்போது சாதாரண அளவில் இருக்கிறது, ஊக்கை நானே குத்திக்கொள்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். வீக்கமே இல்லாமல் பல மாதம் போகட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்போம் என்றார்.