உள்ளங்கால் பார்க்கும் கண்ணாடி

28 ஜனவரி 2024, ஞாயிறு

மாலையில் என் பெட்டி வந்து சேர்ந்தது. 1970-இல் துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து எத்தனையோ மடங்களுக்கு மாறியிருக்கிறேன். பெட்டி மட்டும் இதே தகரப் பெட்டிதான். உடைகள், செபமாலை, மூக்குக்கண்ணாடிகள் இரண்டு, உள்ளங்கால் பார்க்கும் கண்ணாடி ஒன்று. கடைசியாகச் சொன்னது எதற்கு என்று இங்குள்ள இளைய சகோதரி கேட்டார். முகம் பார்ப்பதற்கு அன்று என்று மட்டும் சொன்னேன்.

29 ஜனவரி

இந்த இல்லத்தில் விடியற்கால மணி அடிப்பதில்லை. ஆனாலும் நாலரைக்கு விழித்துக்கொண்டேன்; விழித்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

30 ஜனவரி

காந்தியடிகள் மறைந்த நாள் நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளும் ஆகும். சேவாகிராமத்தில் தொழுநோயாளரான பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களுக்கு அவர் தம் கையாலேயே கட்டுப்போட்டதை ஆண்டுதோறும் இந்நாளில் நோயாளிகளுக்குச் சொல்வேன். இன்று யார் சொல்லியிருப்பார்களோ.

சொல்லி முடித்ததும் வாளிகளை வரிசையாக வைப்போம். சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் பாதத்தை ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவி, கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்வேன். வெந்நீர் கூடாது, சூடு அவர்களுக்குத் தெரியாது. முள் குத்தியது தெரியாது, செருப்பில் ஏறிய ஆணி தெரியாது, இரவில் எலி கடித்தது கூடத் தெரியாது. காலையில் பாயில் இரத்தத்தைப் பார்த்துத்தான் அறிவார்கள். நோயே விரல்களை அழுகச் செய்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உணர்வு போனதால் நேரும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் காட்டினார். செங்கல்பட்டில் நான் பயிற்சிக்குப் போனபோது முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று வகுப்பின் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

31 ஜனவரி

மருத்துவர் வந்தார். சர்க்கரை 268. பிறகு நைலான் இழையை எடுத்தார். கண்களை மூடிக்கொண்டு, இழை பாதத்தில் படும்போதெல்லாம் ஆம் என்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனையில் நோயாளிகள் எப்படி ஏமாற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியும்: தொடும் தாளத்தைக் கணக்கிட்டுக்கொண்டு, படாமலேயே ஆம் என்பார்கள். அதனால் நான் வேண்டுமென்றே நடுவில் நிறுத்திக் காத்திருப்பேன். இன்று நானும் தாளத்தைக் கணக்கிட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவரும் நிறுத்திக் காத்திருந்தார். நான் ஆம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

1 பிப்ரவரி

அவள் அழவில்லை.

2 பிப்ரவரி, வெள்ளி

ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. துறவியருக்கான நாளும் இதுவே. மெழுகுவர்த்தியுடன் பவனி போகும் வரிசையில் என் சக்கர நாற்காலியைக் கடைசியாக வைத்தார்கள். கோவிலை விட்டு நீங்காதிருந்த இறைவாக்கினர் அன்னாவுக்கு வயது 84 என்று நற்செய்தியில் வாசித்தபோது, எனக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டேன். கணக்கு ஆசிரியையின் புத்தி போகவில்லை.

கற்பும் ஏழ்மையும் எனக்குப் பெரிய பாடாக இருந்ததில்லை. கீழ்ப்படிதல்தான் பாடு. 1979-இல் பள்ளியை விட்டுத் தொழுநோயாளரிடம் என்னை அனுப்பும்படி எங்கள் சபையின் மாநிலத் தலைவியிடம் கேட்டபோது, காரணம் என்ன என்று கேட்டார். இறையழைத்தல் என்றேன். அது முழு உண்மை அன்று.

3 பிப்ரவரி

எக்ஸ்ரே எடுத்தார்கள். காலின் இரண்டாவது விரலில் சீழ் எலும்பைத் தொட்டுவிட்டது. எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். முதலில் சர்க்கரை இறங்க வேண்டும்.

5 பிப்ரவரி

இளைய சகோதரி தினமும் என் பாதத்தைக் கழுவிக் கண்ணாடியைப் பிடிக்கிறார். பாதத்தைப் பிடிப்பவளாகவே இருந்து பழகிவிட்டவளுக்கு அதை இன்னொருவர் மடியில் வைப்பது கூசுகிறது. இன்று எரிச்சலில், ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், நீங்கள் டீச்சர்தானே, சிஸ்டர் என்றார்.

8 பிப்ரவரி

எழுதிவிடுகிறேன். 1976, நான்காம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. கையெழுத்து நாளுக்கு நாள் கிறுக்கலாகிக்கொண்டே போனது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருந்தன. விரல்களை நீட்டி எழுது என்று நூறு முறை சொல்லியிருப்பேன். கன்னத்தில் வெளிறிய ஒரு படையும் இருந்தது. தேமல் என்று நினைத்தேன். ஒரு நாள் மர அளவுகோலால் அவளுடைய கையின் விளிம்பில், சுண்டுவிரல் பக்கமாக, அடித்தேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திமிர் என்று எண்ணி மறுபடியும் அடித்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் அவள் கையைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. பள்ளிக்கு இனி வர வேண்டாம் என்று அவள் தாயிடம் சொல்லப்பட்டபோது நான் அதே அறையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அப்போது டாப்சோன் மாத்திரை ஒன்றுதான், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-இல். அது எங்களிடம் வந்தபின், அதிலுள்ள ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவந்ததைக் கண்டு அலறி வந்தவர்களைத் தேற்றியிருக்கிறேன். மேனி கறுத்துவிடும் என்று குளோஃபாசிமினை முந்தானையில் முடிந்துகொண்டுபோய் எறிந்த மணப்பெண்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். ஒவ்வொரு புதிய பதிவேட்டையும் திறந்தவுடன் முதலில் ஒரு பெயரைத்தான் தேடினேன். நாற்பது ஆண்டுகளில் அந்தப் பெயர் வரவில்லை. வேறு ஊரில் குணமாகி, மணமாகி, பேரன் பேத்திகளோடு இருக்கலாம். இருக்கலாம்.

9 பிப்ரவரி

சர்க்கரை 171. திங்களன்று என்கிறார்கள்.

11 பிப்ரவரி, ஞாயிறு

லூர்து அன்னை நாள், உலக நோயாளர் நாள். இந்த ஞாயிறுக்கு உரிய முதல் வாசகம் லேவியர் 13. நற்செய்தி, மாற்கு எழுதிய தொழுநோயாளர். படையைக் குரு பார்த்துத் தீட்டு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது முதலாவது. இயேசு கையை நீட்டித் தொட்டார் என்பது இரண்டாவது. அருள்தந்தையின் மறையுரை என் காதில் ஏறவில்லை. நானும் கையை நீட்டினேன், கையில் அளவுகோல் இருந்தது.

பிறகு நோயில்பூசுதல் கொடுத்தார். நெற்றியில் எண்ணெய் பட்டது தெரிந்தது. உள்ளங்கைகளிலும் தெரிந்தது. இளைய சகோதரியிடம் அந்தப் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். யார் இவர் என்று கேட்டார். என் மாணவி என்றேன்.

12 பிப்ரவரி

ஆறு மணிக்கு அழைத்துப்போவார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள், எழுத்து எனக்கே கிறுக்கலாகத்