சம்பளச் சிட்டையில் ஒரு 1,350 ரூபாய்

யாழ்ப்பாண நகரில் ஒரு கடையில் 26 மாதம் கணக்கு எழுதினேன். வியாபாரம் படுத்துவிட்டது என்று எங்களில் நான்கு பேரை நிறுத்தினார்கள். வேலை போனால் அரசு மாதாமாதம் தரும் கொடுப்பனவு என்று இலங்கையில் எதுவும் இல்லை. ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதியக் காசுக்குப் பொதுவாகப் பெண்கள் 50 வயதுவரை, ஆண்கள் 55 வயதுவரை காத்திருக்க வேண்டும். வேலையை விட்டதும் நான் கேட்கக்கூடியதாக இருந்தது ஈ.ரி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியக் காசு மட்டும்தான். அதையும் ஒருமுறை எடுத்தால் அடுத்த 5 வருடத்துக்குக் கேட்க முடியாது.

அந்த விண்ணப்பத்துக்காகப் பழைய சம்பளச் சிட்டைகளை அடுக்கினேன். சம்பளம் 45,000. ஈ.பி.எப். 3,600, அதாவது 8 வீதம், சரி. அதற்குக் கீழே ‘ஏனைய கழிவு 1,350’ என்று ஒரு வரி. ஊழியர் நலன்புரிக் காசாக்கும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். அன்று கல்குலேற்றரில் தட்டிப் பார்த்தேன். சரியாக 3 வீதம். ஈ.ரி.எப்புக்குக் கட்டுவதும் 3 வீதம்தான்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். “எல்லாருக்கும் வெட்டுறதுதானே தங்கச்சி, உங்கட பேரிலதானே கட்டுறன்” என்றார். இந்தப் பதிலைக் கேட்டு இரண்டு நாள் குழம்பிப்போனேன். என் பேரில் கட்டுகிற காசை என்னிடம் எடுப்பதில் என்ன பிழை என்றே தோன்றியது. தொழிற்சங்கத்தில் இருந்த மாமாதான் விளங்கப்படுத்தினார். ஈ.பி.எப்பில் தொழிலாளி 8, முதலாளி 12. ஈ.ரி.எப். 3 வீதமோ, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி முழுவதும் முதலாளியின் பங்கு. அதில் ஒரு சதமும் எங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அதைப் பிடித்தால், அவர் கட்ட வேண்டியதை நான் கட்டியிருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

ஈ.ரி.எப். கணக்கு விபரத்தை எடுத்துப் பார்த்தபோது இன்னும் வயிறெரிந்தது. 26 மாதம் வெட்டியிருக்கிறார், நிதியத்துக்குப் போனதோ 19 மாதம்தான்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, சிட்டைகளின் பிரதிகளையும் நியமனக் கடிதத்தையும் வைத்து, தொழில் திணைக்கள அலுவலகத்தில் கொடுத்தேன். என் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். அங்கே இருந்த அலுவலர் பொறுமையாகப் பார்த்துவிட்டு விடயத்தை இரண்டாகப் பிரித்தார். சம்பளத்தில் பிழையாக வெட்டியதை அவர்கள் விசாரிப்பார்கள். கட்டாமல் விட்ட 7 மாதத்துக்கு ஈ.ரி.எப். சபைக்குத் தனியாக எழுத வேண்டும். இதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரே கடிதத்தோடு இருந்திருப்பேன். அன்றைக்கே இரண்டாவது கடிதத்தையும் பதிவுத் தபாலில் போட்டேன்.

முதல் விசாரணைக்கு முதலாளி வரவில்லை. இரண்டாவது தவணைக்கு வந்தார். சிட்டைகளை மேசையில் பரப்பியதும் அதிகம் வாதாடவில்லை. 1,350 வீதம் 26 மாதத்துக்கு 35,100 ரூபாய், இரண்டு தவணையில் என் கைக்கு வந்தது. 7 மாத நிலுவை கொஞ்சம் பிந்தித்தான் நிதியத்தில் ஏறியது. அதற்குப் பிறகே ஈ.ரி.எப். காசை எடுத்தேன்.

என்னோடு நிறுத்தப்பட்ட அக்கா ஒருவரிடம் ஒரு சிட்டைகூட இல்லை, எல்லாவற்றையும் எறிந்துவிட்டா. அவவுக்கும் என் சம்பளம்தான். வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். ஈ.பி.எப். மட்டும் கழித்திருந்தால் 41,400 விழுந்திருக்க வேண்டும், விழுந்ததோ மாதாமாதம் 40,050. ஒவ்வொரு வரியையும் இரண்டு பேருமாக இருந்து அடிக்கோடிட்டோம். நியமனக் கடிதத்தோடு அதையும் கொடுத்திருக்கிறா. விசாரணைக்குத் திகதி வந்துவிட்டது, நானும் கூடப் போகிறேன்.