தோழிக்குத் தைத்த ஒட்டுப்போர்வை

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், எங்களோடு பள்ளியில் ஒன்றாகப் படித்த தோழி ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்து, மதுரையில் 21 நாள்களுக்கு ஒருமுறை கீமோ ஏற்றத் தொடங்கினார்கள். அவள் தேவகோட்டையில் இருக்கிறாள். நாங்கள் பதினொரு பேர் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று பிரிந்து கிடக்கிறோம். முதல் சுற்று முடிந்ததும் பார்க்கப் போன ஒவ்வொருவரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிப் போனோம். அவளுக்கோ எதைக் கண்டாலும் குமட்டல். பேச்சுவாக்கில்தான், மருந்து இறங்கும் அத்தனை மணி நேரமும் ஏசி அறையில் வெடவெடத்துக் கிடப்பதாகவும், கம்பளி மேலே பட்டால் தோல் அரிப்பதாகவும் சொன்னாள்.

போர்வை தைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. மகளின் பேறுகாலத்துக்காக ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்தபோது, பக்கத்துத் தெருப் பெண்கள் வாரத்துக்கொரு நாள் கூடி, நோயில் கிடக்கும் தோழிக்கு ஆளுக்கொரு கட்டம் தைத்து இணைப்பதைப் பார்த்திருந்தேன். அந்நாட்டில் அது பழைய வழக்கம். 1840-களிலேயே, ஊரை விட்டு மேற்கே குடிபெயரும் தோழிக்கு ஆளுக்கொரு கட்டத்தில் தம் பெயரை மையால் எழுதித் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கும் இது புதிதன்று. வங்காளத்துக் காந்தாவும் கர்நாடகத்துக் கௌதியும் பழந்துணிகளை அடுக்கி நூலோட்டித் தைப்பவைதாம். என் அப்பத்தாவும் நைந்த சேலைகளை நான்காக மடித்துத் தைத்துத்தான் பிள்ளைகளுக்கு விரிப்பார்.

முதல் தகராறு துணியிலேயே வந்தது. அவளுடைய பழைய சேலைகளையே கேட்டு வாங்கி வெட்டலாம் என்று நான் சொன்னதும், கோட்டையூர்த் தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆளு நல்லா இருக்கையிலேயே சேலையைக் கேட்டு வெட்டுறதாடி?" என்றாள். அவள் சொன்னது சரி. எனக்குத்தான் அது உறைக்கவில்லை. அப்படியானால் புதுத்துணி வாங்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், நோயாளிக்குப் பழந்துணி கொடுப்பது ஆகாது என்பது அவர்கள் கட்சி. பிறந்த பிள்ளையை எல்லா வீட்டிலும் பழஞ்சேலையில்தான் ஏந்துகிறோம் என்று அதே கோட்டையூர்த் தோழி எடுத்துச் சொன்ன பிறகு எதிர்ப்பேச்சு இல்லை. அவரவர் வீட்டுப் பழைய நூல் சேலைகள் என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் நூல் சேலை என்றால் கண்டாங்கிதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு வெளியூர்க்காரர்களும் தேடி வாங்கும் அந்தச் சேலை, புதிதில் முரட்டுத்துணி. இருபது வருடம் துவைத்துக் கட்டியது என்றால் மல் துணியைப் போல் குழைந்து கிடக்கும். பெட்டியில் கிடந்தவற்றில் அந்துருண்டை வாசம் தூக்கலாக இருந்தது. கீமோ எடுப்பவர்களுக்கு நமக்குத் தெரியாத வாசமும் குமட்டும் என்பதால், வாசனையில்லாத சோப்பில் அலசி, மூன்று நாள் வெயில் காட்டினோம். சரிகை, கண்ணாடி வேலை, குஞ்சம், பொத்தான் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அழகாக இருக்கும் என்று எடுத்து வந்தவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் ஊசி குத்திக் குத்திப் புண்ணான கையின் மேல் கிடக்கப்போகிற துணி அது.

கட்டத்தின் வடிவத்தை எல்லோராலும் தைக்கக்கூடியதாக, ஒன்பது சதுரமாக வைத்தோம். 4½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாக, கால் அங்குலம் தையலுக்கு விட்டு இணைத்தால் 12½ அங்குலக் கட்டம் கிடைக்கும். ஒன்பது பேருக்கு இரண்டிரண்டு கட்டம், கைவலிக்காரர்கள் இருவருக்கு ஒவ்வொன்று, ஆக 20 கட்டங்கள். ஆடியில் கல்யாணம், புதுமனை புகுவிழா என்று அலைச்சல் இல்லாததால் மூன்று வாரம் போதும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று.

வந்த கட்டங்களை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு மயக்கம் வராத குறை. பாதி 12½ அங்குலம், பாதி 12 அங்குலம், ஒன்று மட்டும் 12¾. முதலில் வெட்டிய கையைத்தான் குறை சொன்னோம். ஒரு கட்டத்தைத் திருப்பிப் போட்டு அளந்த பிறகே விஷயம் விளங்கியது. சிலர் தையல் மெஷினின் பாதத்து ஓரத்தையே அளவாக வைத்துத் தைத்திருந்தார்கள்; அந்த மெஷின்களில் அது கால் அங்குலம் அன்று, அதற்கு மேல் அரைக்கால் கூடுதல். ஒரு தையலில் இரண்டு பக்கமும் அரைக்கால் போனால் கால் அங்குலம். வரிசைக்கு இரண்டு தையல் என்பதால் அரை அங்குலம் காணாமல் போயிருந்தது. பிரித்துத் தைக்கச் சொன்னால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். எல்லாவற்றையும் 12 அங்குலத்துக்கு வெட்டிச் சமன் செய்து, குறைந்த அளவை ஈடுகட்டச் சுற்றிலும் மூன்று அங்குலத்தில் கண்டாங்கிக் கரையை வைத்து இணைத்தேன். 52 அங்குல அகலமும் 63½ அங்குல நீளமும் வந்தது. சொல்லப்போனால், அந்தக் கரை வைத்த பிறகுதான் அது போர்வையாகவே தெரிந்தது.

ஒரு கட்டத்தின் நடுச் சதுரத்தில் 'விரைவில் நலம் பெறுக' என்று சங்கிலித் தையலில் எழுதி வந்திருந்தது. பார்க்க நன்றாகவே இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ரகசியமாகச் செய்வது என்ற உடன்பாட்டை மீறி, அவளிடமே தொலைபேசியில் கேட்டுவிட்டேன். "எழுத்து எதுவும் வேண்டாம்டி. வர்றவுக போறவுகல்லாம் இதையேதான் சொல்றாக. போத்திக்கிட்டு சும்மா கிடக்கணும், அவ்வளவுதான்" என்றாள். எழுதியவளிடம் இதைச் சொல்வதற்குத்தான் இரண்டு நாள் ஆயிற்று. எழுத்தைப் பிரிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

நடுவில் எதை வைப்பது என்பது அடுத்த கேள்வி. இலவம் பஞ்சு தலையணைக்கு ஆகும். வழுக்கும் இழையாதலால் நாலு தடவை துவைத்தால் மூலைக்கு மூலை உருண்டுவிடும். பாலியெஸ்டர் பஞ்சு நம் ஊர் வெக்கைக்கு ஒவ்வாது. கடைசியில் பழைய எட்டுமுழ வேட்டி ஒன்றை வைத்தோம். அகலம் போதாமல் ஒரு துண்டு ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அடியில் வெள்ளை மல் துணி.

மூன்றையும் அடுக்கி நூலோட்ட, கானாடுகாத்தான் தோழி வீட்டுப் பட்டாலையில் கூடினோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கண்ணாடியின் மேல் வார்க்கப்படும் கல்லாதலால் வழவழவென்றிருக்கும். துணி எங்கும் மாட்டாது. கற்களின் இணைப்புக் கோடுகளையே நூல்பிடித்த கோடாகக் கொண்டு அடித்துணியைக் கோணாமல் விரித்து, நான்கு மூலைக்கும் பித்தளைச் செம்பு வைத்து, மேலே வேட்டியையும் கட்டத்துணியையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவிவிட்டோம். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் தங்கிவிடும். பிறகு நீள நூலோட்டம். அதன் பிறகு ஒவ்வொரு சதுரத்தையும் சுற்றிச் சிறு நூலோட்டம். தடித்த கண்டாங்கியும் மெல்லிய சுங்குடியும் அடுத்தடுத்து வந்த இடங்களில் சுங்குடி சுருங்கிக்கொண்டே வந்தது. அங்கெல்லாம் நூலைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். இது கையில்தான் படிகிறது, சொல்லிக் கொடுக்க வரவில்லை.

கொடுப்பதற்கு முன் வெந்நீரில் ஒரு முறை அலசியே ஆக வேண்டும், கீமோவில் நோய் எதிர்ப்புக் குறைந்திருக்கும். அலசினேன். அரக்குச் சாயம் இறங்கி வெள்ளை மல்லில் ரோஜாத் திட்டுகள். ஒருத்தி மட்டும் சேலையை முன்னதாக அலசாமலே வெட்டியிருக்கிறாள். யார் என்று நான் கேட்கவில்லை. கல்லுப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். ஒரு வாளி உப்புத் தண்ணீர் வீணானதுதான் மிச்சம். காயவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்பதால், ஈரத்தோடே ஐந்து முறை தண்ணீரை மாற்றி மாற்றிச் சோப்பில் ஊறவைத்து எடுத்தேன். ஒரு மூலையில் மட்டும் லேசாகத் தங்கிவிட்டது. இப்போது யார் துணி கொண்டுவந்தாலும், ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டாவிட்டால்தான் கத்தரிக்கோலை எடுக்கிறேன்.

புரட்டாசியில், ஐந்தாவது சுற்றுக்குத்தான் கொடுக்க முடிந்தது. பள்ளத்தூர்த் தோழியும் நானும் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசமே இல்லை" என்றாள். ஆறாவது சுற்றுக்கும், அதன் பிறகு கதிர்வீச்சுக்கும் அதையே எடுத்துப் போனாள்.

கார்த்திகையில் தேவகோட்டையிலிருந்து வந்த அவளுடைய மருமகன் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே போர்வை, துவைத்து மடித்தது. ஓரப்பட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்த இடத்தில் ஊக்குக் குத்தி, ஒரு சீட்டு வைத்திருந்தாள்: 'வியாழக்கிழமை மதுரைக்குப் போகணும், அதுக்குள்ள வேணும்.' அந்த மூலை என் கட்டத்தின் பக்கம்தான். இரட்டை நூலில் தைத்துப் புதன்கிழமையே அனுப்பிவிட்டேன்.