டீயிலா, டம்ளரிலா?

சோமாலியாவில் உணவு உதவியை மதிப்பீடு செய்ய அழைத்தபோது முகாம் முகாமாகச் சுற்றப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்நாட்டின் தெற்கே உள்ள பைதோவா நகரத்தில் இருந்த மூன்று வாரமும் பெரும்பாலும் விமான நிலையத்தை ஒட்டிய வளாகத்துக்குள், மணல் மூட்டைகளுக்குப் பின்னால், லேப்டாப்போடு கழிந்தது. முகாமுக்குள் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம், அதுவும் துப்பாக்கிக் காவலோடு.

2023 தொடக்கம் அது. தொடர்ந்து ஐந்து மழைப்பருவம் பொய்த்திருந்தது. சுற்றுக் கிராமங்கள் பலவும் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் பிடியில் இருந்ததால் உதவி அங்கே போய்ச் சேரவில்லை. நடக்கத் தெம்பிருந்த ஜனங்கள் நகரத்துக்கு வந்து குச்சி நட்டு, கந்தலைப் போர்த்திக் குடிசை போட்டிருந்தார்கள். வர முடியாதவர்கள் என் ஆய்விலேயே இல்லை.

முதல் சறுக்கல் மொழியில். கேள்வித்தாள் தலைநகர் மொகதிஷுவில் பேசும் சோமாலியில் இருந்தது. பைதோவாவில் பேசுவது மாய் என்ற வேறு மொழி. வயதான பெண்கள் பதில் சொல்லாமல் முகத்தையே பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போன பையன்கள் திரும்பி வந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் நால்வரைச் சேர்த்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

ஆனால் வந்த எண்கள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. கடந்த ஏழு நாளில் எதை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, நாளொன்றுக்குத் தானியத்துக்கு 2, பருப்புக்கு 3, இறைச்சிக்கும் பாலுக்கும் 4, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அரை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவோம். 21 வரை மோசம். 35ஐத் தாண்டினால் பரவாயில்லை.

மறுநாள்தான் அந்த ஒரு மணி நேரம். நான் உட்கார்ந்த குடிசையில் ஓர் அம்மா டீ போட்டார். பால் பவுடர் பாக்கெட்டின் மூலையைப் பிரித்து, தட்டித் தட்டி ஒரு கரண்டி எடுத்தார். ஐந்து பேருக்கு அவ்வளவுதான். தினமும் பால் உண்டா என்று கேட்கச் சொன்னேன். "உண்டே, இதோ" என்று பாக்கெட்டைக் காட்டினார்.

அங்கேயே கணக்குப் போட்டேன். தினமும் சோளம் 14, எண்ணெய் 3.5, சர்க்கரை 3.5. மொத்தம் 21. பாலுக்கு 28 சேர்த்தால் 49. பட்டினி வீடு ஒரு கரண்டியில் பாஸ்! டீயில் கலக்கும் பாலைச் சேர்க்கக்கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. பயிற்சியில் அதை ஒரு வரியில் தாண்டிப் போனவன் நான்தான்.

பால் என்று சொன்ன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போன் போட்டோம். ஒரே கேள்வி: டீயிலா, டம்ளரிலா? பெரும்பாலும் டீதான்.

அந்தப் பேச்சில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. மொபைலில் டாலராக உதவிப் பணம் வந்ததா என்றால் எல்லோரும் ஆமாம் என்றார்கள். வந்ததில் யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எங்கள் பெண்கள் கேட்டபோது குரல் தாழ்ந்தது. முகாம் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு வாங்குகிறவர்களுக்கு அங்கே 'கறுப்புப் பூனைகள்' என்று பெயர்.

என் அறிக்கையின் வரைவைப் படித்த உதவி நிறுவனம், இந்தப் பங்கு விஷயத்தைச் சொல்லும் பத்தியைப் பின்னிணைப்புக்குத் தள்ளலாமே என்றது. இரண்டு வாரம் மின்னஞ்சல் சண்டை. பத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கறுப்புப் பூனைகள் மட்டும் 'இடைத்தரகர்கள்' ஆகிவிட்டார்கள்.