கப்பலைப் பிடித்த பாவம்

வாஷிங் மெஷினில் மூன்றாவது லோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் வாசலில் நின்று எதிர்வீட்டு சாரிடம் அதே கதையை நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எனக்கு அடுப்படிவரை கேட்கிறது. "விடிகாலை ஃபிளைட்டு, சாயங்காலம் கப்பல். நடுவுல ஓட்டல் கீட்டல் எதுக்கு சார்? சுளையா 22,000 மிச்சம்!" எதிர்வீட்டு சார் பாவம், கையில் பால் பாக்கெட்டோடு நிற்கிறார். பால் இந்நேரம் தயிராகியிருக்கும். விடிகாலை ஃபிளைட் என்கிறாரே, அது எந்த ஊர் விடிகாலை என்று மட்டும் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

சிங்கப்பூர் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்ட அன்றே மாமா சொன்னார், "முதல் நாளே போய் இறங்கிடலாம்டா" என்று. மாமா பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டவர், ராத்திரி கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்குச் சாயங்காலமே ஜங்ஷனுக்குப் போய், பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் எந்தக் கோச் வந்து நிற்கும் என்று காலால் அளந்து அங்கேயே பெட்டியை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறவர். அவருக்குப் பிறந்த பிள்ளை இது. ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஏறினால்தான் டிக்கெட் காசு செரித்ததாக நினைக்கிற ஜென்மம். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் 17 வருஷமாக நான் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

இவர் கணக்கு காகிதத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. கப்பல் சிங்கப்பூரிலிருந்து மாலை 5 மணிக்கு. 3.30-க்கு மேல் போனால் ஏற்றமாட்டார்கள். நம் ஃபிளைட் திருச்சியிலிருந்து ராத்திரி 1.30-க்கு, பறப்பது நாலேகால் மணி நேரம், அதோடு அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், ஆக 8.15-க்கு இறங்கிவிடலாம். "ஏழு மணி நேரம் கையில இருக்கு, ஏழு மணி நேரம்!" என்று விரலை விரித்து விரித்துக் காட்டினார். அந்த நேரத்தில் ஏர்போர்ட்டை ஒட்டிய ஜுவல் மாலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்க்கலாம், முஸ்தஃபா கடையில் தலைவலித் தைலம் வாங்கலாம், லிட்டில் இந்தியாவில் பிரியாணி சாப்பிடலாம், என்னென்னமோ. ஃபிளைட் தாமதமானால் என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான புதிதில் "பெட்ரோல் இருக்கா" என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை. (வண்டி அன்றைக்குப் பெரம்பலூர் தாண்டி நின்றது. அது வேறு கதை.)

கப்பலும் ஃபிளைட்டும் தனித்தனியாகப் போட்டது. ஃபிளைட் பிந்தினால் கப்பல்காரனுக்குக் கவலையில்லை, கப்பல் போய்விட்டால் ஃபிளைட்காரனுக்குக் கவலையில்லை, கட்டின காசு கடலோடு போகும். இதைக் கப்பல்காரர்களே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், கிளம்புகிற நாளில் வந்து இறங்காதீர்கள், ஒரு நாள் முன்னால் வாருங்கள் என்று. இவர் அதைப் படித்துவிட்டு, "அது வெளிநாட்டுக்காரனுக்கு" என்றார். சிங்கப்பூரில் நாம் யார் என்று நான் கேட்கவில்லை.

மாமா வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. முந்தின நாளே கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு "மணி எட்டாச்சு, இட்லி வைம்மா" என்று வந்து உட்கார்ந்தார். பிரஷர் மாத்திரையும் அந்தக் கணக்கில்தான். அத்தை தலையில் அடித்துக்கொண்டு மாவு கரைத்தார்.

ஏர்போர்ட்டுக்கு ஒன்பது மணிக்கே போய்விட்டோம், மாமா புண்ணியத்தில். கோபுரம்போல வண்ணமடித்த அந்தப் புது டெர்மினல் வாசலில் பாதித் திருச்சி மாவட்டமும் புதுக்கோட்டை மாவட்டமும் வழியனுப்ப வந்து நின்றன. கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மார்க்கர் பேனாவில் பெயர் எழுதின பெட்டிகள். வேலைக்குப் போகிற பையன்கள், தோளில் சாய்ந்து தூங்கும் குழந்தைகள். பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு வந்தது, ஃபிளைட் ஒரு மணி நேரம் தாமதம். இவர் "ஆறு மணி நேரம் இருக்கே" என்றார். ஒன்றரைக்கு இன்னொரு ஒரு மணி நேரம். "அஞ்சு மணி நேரம் ஜாஸ்தி" என்றார். மூன்றரைக்கு ஆளுக்கொரு உப்புமா டப்பா கொடுத்தார்கள். ஃபிளைட்காரன் தானாக உப்புமா கொடுக்கிறான் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம், அது சின்னதுக்குக்கூடத் தெரிகிறது, "அம்மா, நாம கப்பல்ல போகமாட்டோமா?" என்று கேட்டது. இவர் அருவியைப் பட்டியலிலிருந்து எடுத்தார். அப்புறம் பிரியாணி போனது. முஸ்தஃபா மட்டும் கடைசிவரை முனகிக்கொண்டே இருந்து போனது.

கிளம்பும்போது 5.30. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மதியம் 12.15.

இமிக்ரேஷனில் அந்தம்மா இவரிடம் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று கேட்டார். இவர் வாட்சைப் பார்த்து "நாலே முக்கால் மணி நேரம்" என்றார். உண்மையைச் சொல்வதில் தப்பில்லை, ஆனால் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஐந்து பேரையும் ஓரமாக நிற்க வைத்து, கப்பல் டிக்கெட், திரும்பிவரும் டிக்கெட், விசாவில் பலமுறை நுழையலாம் என்று இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து (கப்பல் சுற்றித் திரும்பி மறுபடி சிங்கப்பூரில்தானே இறக்கிவிடும்) அனுப்பிவைக்க இருபது நிமிஷம். பெல்ட்டில் நான்கு பெட்டி வந்தது. ஐந்தாவது அத்தையுடையது. நீலப் பெட்டி, கைப்பிடியில் மஞ்சள் துணி. பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எங்கள் ஃபிளைட் ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள், யாருடையதோ ஒரு கயிறு கட்டின அட்டைப்பெட்டி மட்டும் எட்டாவது சுற்று வருகிறது. அத்தை சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டார். ஒன்றரைக்கு மேல் வந்தது பெட்டி. யாரோ தன்னுடையது என்று எடுத்து, பிறகு மஞ்சள் துணியைப் பார்த்துத் திருப்பி வைத்தார்களாம். அத்தை இன்னும் அதைச் சமயபுரத்தாள் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

ஐந்து பேருக்குச் சாதாரண டாக்ஸி போதாது, பெரிய வண்டிக்குக் காத்திருந்து ஏறும்போது இரண்டாகிவிட்டது. டிரைவர் ஒரு சீனத் தாத்தா. "க்ரூஸ் சென்டரா?" என்றார். இவர் பின்சீட்டில் அருவிக்கு எவ்வளவு தூரம் என்று மேப்பில் பார்த்துக்கொண்டே "எஸ் எஸ்" என்றார். இங்கேதான் இருக்கிறது விஷயம். அந்த ஊரில் க்ரூஸ் சென்டர் என்று இரண்டு இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்டில் பழையது ஒன்று, மரினா சவுத் பக்கம் 2012-ல் திறந்த மரினா பே க்ரூஸ் சென்டர் ஒன்று. எங்கள் கப்பல் இரண்டாவதில். தாத்தா கொண்டுபோய் இறக்கியது முதலாவதில்.

பெட்டியெல்லாம் இறக்கி, வண்டியை அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தலைக்குமேல் செந்தோசா போகும் கேபிள் கார் தொங்குகிறது, பக்கத்தில் ஒரு பெரிய மால், பாத்தாம் தீவுக்குப் போகிற ஃபெர்ரிக்கு ஆட்கள் பையோடு போகிறார்கள். பதினைந்து மாடிக் கப்பல் என்று இவர் மூன்று மாதமாகச் சொன்ன எதுவும் கண்ணில் படவில்லை. மாமாதான் கடல் பக்கமாகக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "கப்பல் எங்கடா?"

அந்தக் கேள்விக்கு இவர் பதில் சொல்லவில்லை. ஓடினார். 17 வருஷத்தில் நான் இவர் ஓடிப் பார்த்ததில்லை. ஒரு கையில் நீலப் பெட்டி, ஒரு கையில் சின்னது, "டாக்ஸி, டாக்ஸி" என்று அந்தச் சுத்தமான ஊரில், யாரும் சத்தம்போட்டுப் பேசாத வரிசைக்குக் குறுக்கே. வரிசையில் நின்றவர்கள் மாமாவையும் அத்தையையும் பார்த்துவிட்டு எங்களை முன்னால் விட்டார்கள். நல்லா இருக்கட்டும்.

மரினா பேயில் நாங்கள் போய் இறங்கியபோது 3.05. உள்ளே பெட்டிகளை ஸ்கேன் செய்தார்கள், நான்கு போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. திறந்தால் உள்ளே மின்சாரக் கெட்டில். கப்பலில் தீப்பிடிக்கும் என்று இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எதையும் விடமாட்டார்கள். "வெந்நீர் இல்லாம மாத்திரை எப்படிப் போடறது?" என்று அத்தை அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே வாதாடினார், அந்தப் பெண் இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள், மணி 3.17. கடைசியில் கெட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள், திரும்பி வரும்போது காட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று. கவுண்டருக்கு நாங்கள் போனபோது 3.24. எங்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

கப்பலில் ஏறியதும் இவர் முதலில் சொன்ன வார்த்தை, "பாத்தியா, ஆறு நிமிஷம் மிச்சம்." அதற்கப்புறம் உயிர்காக்கும் படகுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காட்டும் ஒத்திகைக்கு வந்து கார்டைத் தேய்த்துவிட்டு, அறைக்குப் போய்ப் படுத்தவர் மறுநாள் காலைவரை எழுந்திருக்கவில்லை. கப்பல் கரையைவிட்டு நகர்ந்ததையே பார்க்கவில்லை. 22,000 ரூபாய் மிச்சம் பிடித்த மனுஷன் அதைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கின ஒரு சாயங்காலத்தைத் தூங்கித் தீர்த்தார்.

அப்போது மேல்தளத்தில் மாமாவும் நானும்தான் நின்றோம். மாமா சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். தினசரி நாள்காட்டியில் கிழித்தது, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: கப்பல் போய்விட்டால் அடுத்த துறை பினாங்கு, மறுநாள் பிற்பகல். மலேசியாவுக்கு இப்போது நமக்கு விசா வேண்டாம். கப்பல் ஆபீஸில் கேட்டு அனுமதி வாங்கவேண்டும். இரவு தங்க, ஃபிளைட்டுக்கு என்று ஒரு தொகை. தாளுக்குள் அந்தத் தொகைக்குச் சிங்கப்பூர் டாலர், பென்ஷனில் மாற்றி வைத்தது. "அவன்கிட்ட சொல்லாதம்மா" என்றார்.

மறுநாள் பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினோம். எல்லாரும் குவீன் தெரு மாரியம்மன் கோவிலுக்குப் போகலாம் என்று கிளம்ப, மாமா நடக்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஏழு வயதில் அவருடைய பெரியப்பா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனாராம். இரண்டு நாள் முன்னாலேயே போய்ச் சத்திரத்துத் திண்ணையில் குடும்பமே படுத்துக் கிடந்திருக்கிறது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும், படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். "படகு போயிடுச்சும்மா. அப்புறம் தண்ணியில அங்கங்கே புள்ளி புள்ளியா ஏதோ தெரிஞ்சுது. எது கப்பல்னே எனக்குத் தெரியல. எல்லாரும் கை காட்டினாங்க, நானும் காட்டினேன்." சில வருஷம் கடிதம் வந்ததாம், அப்புறம் இல்லை. "இங்கதான் எங்கியாவது இறங்கியிருப்பார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அந்த ஆறு நிமிஷம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், அன்றைக்கு அந்தக் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தால், இந்த வீட்டில் அடுத்த முப்பது வருஷத்துக்கு என் பேச்சுதான் நடந்திருக்கும். கேஸ் புக் பண்ணுவதிலிருந்து சின்னதின் கல்யாணம்வரை, "அன்னைக்குக் கப்பல் என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை போதும். பிடித்துத் தொலைத்துவிட்டோம். இப்போது இவர் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக் கப்பலுக்குத் தேதி பார்க்கிறார், அதே நாள் காலை ரயிலில் போய் இறங்கிக்கொள்ளலாமாம்.

நேற்று ராத்திரி அத்தை மணிபர்சைக் கொட்டி அடுக்கும்போது அந்தக் கெட்டில் ரசீது விழுந்தது. இறங்குகிற அவசரத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. விலை 1,450. அத்தை ரசீதை இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அந்த 22,000-லருந்து கழிச்சுக் குடு" என்றார். டாக்ஸி இரண்டாவது தடவை ஏறினதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.